பழைய கம்ப்யூட்டர் போர்டில் காசு எங்கே இருக்கிறது? மதுரை வட்டாரக் காயலான் கடைக்காரர்களுக்கான கேள்வி பதில்

கீழவாசல், சிம்மக்கல் தொடங்கி திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வரை பழைய இரும்பு எடுக்கும் கடைகளில் இப்போது கம்ப்யூட்டரும் வந்து விழுகிறது. முன்பு கேபினெட்டை இரும்போடு போட்டுவிட்டு மீதியை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். இன்று போர்டுக்குத் தனி விலை உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு, எப்படி, எதைத் தொடக்கூடாது என்பதில்தான் குழப்பம். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஒரு கம்ப்யூட்டரில் எவ்வளவு தங்கம் இருக்கும்?

பழைய கம்ப்யூட்டர் போர்டுகளை ஒரு டன் சேர்த்தால் அதில் 200 முதல் 250 கிராம் வரை தங்கம் இருக்கும். சுரங்கத்தில் டன்னுக்கு 5 கிராம் தங்கம் உள்ள கல்லையே நல்ல தாது என்பார்கள். அதனால் கேட்டவுடன் ஆசை வருவது இயல்பு. ஆனால் கடையில் இருப்பது டன் கணக்கு இல்லை. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டை), இரும்பு எல்லாம் கழற்றிய மதர்போர்டு ஒன்று சுமார் 600 கிராம் நிற்கும். அதில் உள்ள தங்கம் 0.12 முதல் 0.15 கிராம், ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை. துளி சிந்தாமல் எடுத்தால்கூட ஒரு பவுன் சேர 55 முதல் 65 போர்டு வேண்டும். புதிய போர்டுகளில் பூச்சு மெலிந்துகொண்டே வருகிறது, அதற்கு இன்னும் அதிகம் வேண்டும்.

ராம் கார்டு பளபளவென்று தெரிவதால் அதில் நிறைய இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒரு டி.டி.ஆர்-3 ராமைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ் விளிம்பில் பக்கத்துக்கு 120 வீதம் 240 தங்க விரல்கள், அதாவது சாக்கெட்டில் செருகும் தங்கப் பூச்சுப் பட்டைகள். ஒரு விரலின் பரப்பு சுமார் 2 சதுர மில்லிமீட்டர். நல்ல பூச்சு என்றால் கனம் 0.76 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூன்றையும் பெருக்கினால் 0.36 கன மில்லிமீட்டர். தங்கத்தின் அடர்த்தி 19.3 என்பதால் எடை 7 மில்லிகிராம். ஒரு கிராம் சேர 140 ராம் கார்டு வேண்டும். பூச்சு மெலிதாக இருந்தால் இருநூறுக்கும் மேல் போகும்.

அப்படியானால் இதில் லாபம் எதில்தான் வருகிறது?

முதலில் ஓடுகிற பாகத்தில், அடுத்து சுத்தமாகப் பிரிப்பதில், மூன்றாவதாகப் போர்டைத் தரம் பிரித்து முழுசாக விற்பதில்.

ஓடுகிற பாகத்தைச் சொல்லும்போது பலர் காதில் வாங்குவதில்லை. வேலை செய்யும் ஒரு 4 ஜி.பி. ராமை எடைக்குப் போட்டால் 20 கிராம் கழிவு. பழுது பார்க்கும் கடைக்குக் கொடுத்தால் அதைப் போலப் பல மடங்கு. அதனால் எதையும் சாக்கில் போடுவதற்கு முன் சோதியுங்கள். ராமை ஒரு சோதனை மதர்போர்டில் செருகி மெமரி டெஸ்ட் ஓடவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கை ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைப்பது) பார்த்துத் தேறுமா என்று முடிவு செய்யுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்து மின்சாரம் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் மல்டிமீட்டரால் மஞ்சளைப் பாருங்கள்: 11.4 முதல் 12.6 வோல்ட். சிவப்பு 4.75 முதல் 5.25. இந்த அளவுக்குள் நின்றால் அதைப் பிரிக்க வேண்டாம், விற்றுவிடலாம்.

பிரிப்பில் என்ன கிடைக்கும் என்பதற்குத் தோராயமான கணக்கு: பழைய டெஸ்க்டாப் டவர் 100 வந்தால் இரும்பு 500 முதல் 600 கிலோ, எஸ்.எம்.பி.எஸ் 120 முதல் 150 கிலோ, மதர்போர்டு 60 கிலோ, சி.டி. டிரைவ் 70 முதல் 80 கிலோ, ஹார்டு டிஸ்க் 55 முதல் 65 கிலோ, அலுமினிய ஹீட் சிங்க் 25 முதல் 35 கிலோ, வயர் 20 முதல் 30 கிலோ, ராம் 2 முதல் 4 கிலோ, பிராசசர் 2 முதல் 3 கிலோ. பழகிய ஆள் ஒரு டவரைப் பிரிக்க 20 நிமிடம். நூறுக்கு நான்கைந்து நாள் கூலி. இந்த எடைகளை அன்றைய ரேட்டால் பெருக்கி, கூலி, வாடகை, லாரிக் கட்டணம் எல்லாம் கழித்த பிறகுதான் ஒரு டவரை என்ன விலைக்கு வாங்கலாம் என்று தெரியும். விற்கும் ரேட்டைக் கேட்காமல் வாங்கும் விலையைப் பேசுவதுதான் இந்தத் தொழிலில் முதலில் கையைக் கடிக்கும் இடம்.

டவரை எந்த வரிசையில் பிரிக்க வேண்டும்?

பவர் கார்டை உருவிவிட்டு, பக்கத் தகட்டின் இரண்டு திருகைக் கழற்றுங்கள். உள்ளே கை போனதும் முதல் வேலை மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற லித்தியம் பேட்டரியை நெம்பி எடுத்து தனி டப்பாவில் போடுவது. பிறகு ராம், கார்டுகள், ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ். பின்பக்கம் நான்கு திருகு எடுத்தால் எஸ்.எம்.பி.எஸ் வந்துவிடும்.

பிராசசர் மேலுள்ள ஹீட் சிங்க்கில்தான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். பழைய பேஸ்ட் இறுகிப் பசையாக ஒட்டியிருக்கும். நேராக மேலே இழுத்தால், அடியில் ஊசி போன்ற பின்கள் உள்ள பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். ஓடுகிற பிராசசர் அந்த நிமிடம் கழிவாகிவிடும். ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பேஸ்ட் விட்ட பிறகு தூக்குங்கள். பின் இல்லாமல் அடியில் தட்டையான தங்கப் புள்ளி உள்ளவற்றுக்கு நெம்புகோலைத் தூக்கினால் போதும்.

மதர்போர்டு ஆறு முதல் ஒன்பது திருகில் நிற்கும். அதன் அடியில் உள்ள அறுகோணக் குமிழ்கள் பல கேபினெட்டுகளில் பித்தளை. காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டாதவற்றை ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள், ஆறு மாதத்தில் நல்ல எடை வரும். போர்டு மேல் ஒட்டியுள்ள சிறிய அலுமினிய ஹீட் சிங்க்கைப் பின்பக்கம் முள்ளைக் குறடால் அழுத்தி எடுத்துவிடுங்கள். பின்னாலுள்ள தகரத் தகட்டையும் எடுங்கள். கெப்பாசிட்டர், சிப், சாக்கெட் எதையும் தொட வேண்டாம்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. காந்த முனை ஸ்டார் திருப்புளி, டார்க்ஸ் டி-5 முதல் டி-10 வரை ஒரு செட், கட்டிங் பிளேயர், அரம், காந்தம், மல்டிமீட்டர், கைச்சுற்று வயர் உரிப்பான், 50 கிலோ மேடைத் தராசு ஒன்று, கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று. தராசில் முத்திரை இருக்க வேண்டும். வாங்குபவர் எடையில் சண்டை வந்தால் அதுதான் உங்கள் பேச்சுக்குப் பலம்.

எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்தால் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் உள்ளே அது நேர்மின்சாரமாக (டி.சி.) மாறி 320 வோல்ட்டுக்கு மேல் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. சோதித்துப் பார்த்த உடனே திறந்தால் அந்தச் சேமிப்பு கைக்குத்தான் வரும். மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். திறந்ததும் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துக் கெப்பாசிட்டர் முனைகளில் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அப்படியே வைத்துவிட்டு இன்னும் காத்திருங்கள். திருப்புளியால் குறுக்கே தட்டுவது சிலருக்கு வழக்கம். தீப்பொறி பறக்கும், திருப்புளி முனை உருகும், கண்ணில் தெறிக்கும்.

உள்ளே அலுமினியத் தகடுகள், செம்புச் சுருள் சுற்றிய கறுப்பு ஃபெரைட் கட்டைகள், வயர், ஃபேன் இருக்கும். ஃபெரைட்டை உடைத்துச் செம்பு எடுப்பது நேரத்துக்குக் கட்டாது. வயரையும் அலுமினியத்தையும் எடுத்துவிட்டு போர்டைப் பழுப்புப் போர்டோடு (அடுத்த பதிலில் வரும் காகிதப் போர்டு) போடுங்கள்.

போர்டுகளை எப்படித் தரம் பிரிப்பது?

நிறத்தைப் பார்க்காதீர்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு எல்லாம் மேல்பூச்சு. விளிம்பைப் பாருங்கள், ஒரு மூலையை ஒடித்துப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் வெண்மையான கண்ணாடி நார் தெரிந்தால் அது கண்ணாடி இழைப் போர்டு, பல அடுக்கு, உள்ளேயும் செம்பு. பழுப்பாக அட்டைபோல் மொறுக்கென்று உடைந்தால் காகிதப் போர்டு. அதில் ஒரு பக்கம் மட்டும்தான் செம்பு. டி.வி., எஸ்.எம்.பி.எஸ்., பழைய மானிட்டர், ரேடியோ எல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

சாக்குகள் இப்படி நின்றால் போதும்: ராமும் விளிம்பில் தங்க விரல் உள்ள கார்டுகளும் ஒன்று, பிராசசர் தனி டப்பா, அதிலும் பீங்கான் உடம்பு உள்ள பழைய 386, 486, பென்டியம் புரோ காலத்தவை தனி, ஏனென்றால் தங்கம் அதிகம் உள்ளவை அவைதான், செல்போன் போர்டு ஒன்று, ஹார்டு டிஸ்க் அடியில் உள்ள சிறு போர்டு ஒன்று, லேப்டாப் போர்டு ஒன்று, டெஸ்க்டாப் மதர்போர்டில் பென்டியம் 3, பென்டியம் 4 காலத்தது வேறு, புதியது வேறு, கடைசியாகப் பழுப்புப் போர்டு.

கலந்த சாக்குக்கு எப்போதும் அதில் உள்ள மட்டமான சரக்கின் ரேட்தான் கிடைக்கும். 50 கிலோ நல்ல மதர்போர்டுக்குள் 5 கிலோ பழுப்புப் போர்டு கலந்தால், வாங்குபவர் அந்த 5 கிலோவைக் கழிப்பதில்லை. 55 கிலோவுக்கும் ரேட்டைக் குறைப்பார்.

"உங்க போர்டுல எல்லாம் உருவிட்டீங்க" என்று ரேட்டைக் குறைக்கிறார்கள். சிப்பைக் கழற்றி விற்றால் என்ன தப்பு?

சுத்திகரிப்பு ஆலைக்குப் போர்டு போகும்போது அதன் மதிப்பு சிப், கனெக்டர், சின்னச் சின்ன பீங்கான் கெப்பாசிட்டர்களில்தான் அதிகம். சிப்புக்குள் தங்க இழை இருக்கிறது, பழைய பீங்கான் கெப்பாசிட்டர்களில் பல்லேடியம் இருக்கிறது. அவற்றை உருவிய போர்டு வெறும் செம்பும் கண்ணாடி நாரும்தான். ராமின் தங்க விரலை மட்டும் வெட்டி எடுப்பதும் இப்படித்தான்: வெட்டிய கீற்றுக்கு நல்ல விலை வரும், மீதி கார்டுக்கு விலை விழுந்துவிடும், இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் முழுக் கார்டின் ரேட்டைத் தாண்டாது, வெட்டிய கூலியும் நஷ்டம்.

இன்னொரு வழி, போர்டை அடுப்பில் அல்லது இரும்புத் தகட்டில் சூடாக்கிச் சிப்பைத் தட்டி உதிர்ப்பது. பழைய ஈயப்பற்று 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்தது, 183 டிகிரியில் உருகும். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் ஈயத்தைத் தடை செய்த பிறகு வந்த போர்டுகளில் பற்று உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். தகரத்தில் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. ஒரு மூலை உருகுவதற்குள் இன்னொரு மூலை கருகும். போர்டில் தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் சேர்மங்கள் அந்தக் கருகலில் புகையாக வெளியேறும். நாற்றமே சொல்லிவிடும். அந்தப் புகை கடையின் பின்புறத்தோடு நிற்காது, பக்கத்து வீட்டு அடுப்படிவரை போகும். செய்யாதீர்கள்.

நகைப் பட்டறை மண்ணில் திராவகம் போட்டுத் தங்கம் எடுக்கிறார்களே, போர்டில் ஏன் எடுக்கக் கூடாது?

தெற்கு ஆவணி மூல வீதியைச் சுற்றியுள்ள நகைப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பட்டறைக் கூட்டு மண்ணில் இருப்பது அரம் உதிர்த்த தங்கத் துகள். உலோகமாகவே இருக்கிறது, கூட இருப்பது மண்ணும் சாம்பலும். போர்டில் நிலைமை தலைகீழ். ஒரு டன் போர்டில் 250 கிராம் தங்கத்தைச் சுற்றி 150 முதல் 200 கிலோ செம்பு, அதோடு வெள்ளீயம், ஈயம், நிக்கல், இரும்பு. திராவகம் தங்கத்தைத் தேடிப் போவதில்லை, முதலில் செம்பைத் தின்னும்.

கணக்கு இதோ. ஒரு கிலோ செம்பை அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைக்க, கடையில் கிடைக்கும் 68 சதவீத அமிலம் ஏறக்குறைய 6 கிலோ செலவாகும். அப்போது வெளிவரும் பழுப்புப் புகை, நைட்ரஜன் டை ஆக்சைடு, சுமார் ஒன்றரை கிலோ. ஒரு கிலோ செம்புக்கே இவ்வளவு. அதோடு வெள்ளீயம் நைட்ரிக் அமிலத்தில் கரையாமல் கஞ்சி போன்ற வெள்ளைக் குழம்பாகி, தங்கப் பொடியைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும். "இவ்வளவு போர்டு போட்டும் தங்கம் வரவில்லை" என்று புலம்புபவர்களின் தங்கம் பெரும்பாலும் இந்தக் குழம்போடு சாக்கடைக்குப் போயிருக்கும்.

அந்தப் பழுப்புப் புகையின் கொடுமை, அது உடனே ஆளைத் தள்ளாது. கொஞ்சம் இருமல், தொண்டை எரிச்சல், அரை மணியில் சரியாகிவிட்டது போல இருக்கும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் இரவு தூக்கத்தில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். துணி முகக்கவசமோ தூசிக்கான என்-95 முகக்கவசமோ வாயுவைத் தடுக்காது. யாராவது இந்தப் புகையைச் சுவாசித்துவிட்டால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் 108-க்கு அழைத்து அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுபோய், என்ன புகை என்பதைச் சொல்லுங்கள். சயனைடில் தங்கத்தைக் கரைக்கும் வழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது அமிலத்தோடு சேர்ந்தால் ஒரு அறையையே கொல்லும்.

மிஞ்சிய நீலப்பச்சைத் தண்ணீரை என்ன செய்வீர்கள்? செம்பும் ஈயமும் கரைந்த அமிலம் அது. வண்டியூர் கண்மாய்க்கோ வைகைக்கோ போகும் ஓடையில் விட்டால் மீனோடு போகாது. நிலத்தடியில் இறங்கி அதே தெருவின் ஆழ்குழாய்த் தண்ணீரில் திரும்பி வரும். இதைச் செய்யும் முறையை இங்கே எழுதாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆலைகள் மட்டும் எப்படி எடுக்கின்றன?

அவர்கள் செம்பையே வண்டியாகப் பயன்படுத்துகிறார்கள். பெல்ஜியத்தின் ஹோபோகன், ஸ்வீடனின் ரோன்ஷார் போன்ற இடங்களில் போர்டைப் பொடித்து, செம்போ ஈயமோ உருகும் உலையில் போடுகிறார்கள். உருகிய உலோகம் தங்கம், வெள்ளி, பல்லேடியம் மூன்றையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் எரிபொருளாகிவிடும், கண்ணாடி நார் கசடாகி மிதக்கும். பிறகு செம்பை மின்சாரத்தால் சுத்திகரிக்கும்போது விலை உயர்ந்த உலோகங்கள் தொட்டியின் அடியில் சேறாகத் தங்கும். புகையை வடிகட்டும் அமைப்புக்குச் செலவழிக்கும் பணம் மட்டுமே ஒரு சிறு ஆலை விலை இருக்கும். நம் தமிழ்நாட்டில் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில்தான் அதிகம். மதுரைச் சரக்கு பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும்.

வயரை எரித்துச் செம்பு எடுப்பது எல்லாரும் செய்வதுதானே?

செய்கிறார்கள், நஷ்டத்தில். எரித்த செம்பு கறுத்து, மேலே ஆக்சைடு ஏறி, மெல்லிய இழை பொடிந்து போகும். உரித்த பளபளப்பான செம்புக்கும் எரித்த செம்புக்கும் தனித்தனி ரேட் இருப்பது எந்த மொத்த வியாபாரியிடம் கேட்டாலும் தெரியும். பி.வி.சி. உறையில் குளோரின் இருக்கிறது. செம்போடு சேர்ந்து எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாக அந்தச் செம்பே துணைபோகிறது. போகி அன்று பழைய பொருளோடு வயரையும் எரிக்கும் வழக்கத்தை வீட்டிலும் நிறுத்துங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். வயர் போன்ற தடிமனை உரிப்பானில் விடுங்கள். டேட்டா கேபிள், மவுஸ் வயர் போன்ற மெல்லியதை உரிக்க நேரம் கட்டாது, உறையோடு விற்றுவிடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு மீட்டர் வெட்டி உறையோடு எடை போட்டு, உரித்து மறுபடி எடை போடுங்கள். அந்தச் சதவீதத்தை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

ஒரு எச்சரிக்கை: செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பில்லை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் போட்ட வயர் நிறைய வருகிறது. அரத்தால் ஒரு இழு இழுத்தால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கை முழுசாக விற்பதா, பிரிப்பதா?

ஓடாத டிஸ்க் என்றால் அடியிலுள்ள சிறு போர்டை எடுத்துவிட்டு மீதியை அலுமினிய வார்ப்பாகப் போடுவதே பலருக்குக் கட்டுபடியாகிறது. பிரிப்பதானால் 3.5 அங்குல டிஸ்க்குக்குப் பெரும்பாலும் டி-8, லேப்டாப் டிஸ்க்குக்கு டி-5 அல்லது டி-6. எல்லாத் திருகையும் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் ஸ்டிக்கரை விரலால் தடவிப் பாருங்கள், குழிவாக உள்ள இடத்தில் ஒரு திருகு ஒளிந்திருக்கும். உள்ளே மிக வலுவான இரண்டு நியோடிமியம் காந்தம். இரண்டுக்கும் நடுவே விரல் மாட்டினால் தோல் பிய்ந்துவிடும், பேஸ்மேக்கர் வைத்தவர்களை அருகே விடாதீர்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. வளைத்தால் சில்லுச் சில்லாக வெடிக்கும்.

விற்பனைக்குப் போகும் டிஸ்க்கில் பழைய ஆளின் படங்களும் கணக்கும் இருக்கும். முழுவதும் மேலெழுதி அழித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். ஓடாத டிஸ்க்கில் டிரில் போட்டுத் தட்டைத் துளைத்துவிடுங்கள். இதை வாடிக்கையாளர் கண்முன் செய்து காட்டும் கடைக்கு அடுத்த முறையும் சரக்கு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உற்பத்தி செய்பவர், விற்பனைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்ற நான்கு வகையினர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் மறுசுழற்சி செய்வதும், பதிவில்லாதவரோடு அந்த வியாபாரம் செய்வதும் விதிமீறல். மறுசுழற்சிக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் வேண்டும். அதற்கு மதுரையிலேயே மாவட்ட அலுவலகம் இருக்கிறது. சரக்கை 180 நாளுக்கு மேல் தேக்கிவைக்கக் கூடாது.

சிறு கடைக்கு நடைமுறையில் ஒத்துவரும் வழி, பதிவு பெற்ற ஒரு மறுசுழற்சியாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அவருக்காகச் சரக்கு சேர்த்துக் கொடுப்பது. அவருடைய பதிவுச் சான்றின் நகலை வாங்கி, எண் இணையதளத்தில் இருக்கிறதா, எந்தப் பொருளுக்கு, ஆண்டுக்கு எத்தனை டன்னுக்கு என்று சரிபாருங்கள். கடையை நடத்த மாநகராட்சித் தொழில் உரிமமும் உத்யம் பதிவும் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்துவையுங்கள். வழிகாட்டுதலுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

காலேஜ், வங்கியிலிருந்து மொத்தமாக எடுக்கலாமா?

ஒரு நிதியாண்டில் 1,000 மின்னணுச் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் பெரும் நுகர்வோர் கணக்கில் வரும். அவர்கள் பதிவு பெற்றவரிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும். மறுசுழற்சியாளரின் பெயரில், அவருடைய பில்லோடு நீங்கள் எடுத்துவரலாம். உங்கள் பெயரில் நேரடியாக வாங்கினால் நாளைக்கு அவர்களுக்கும் உங்களுக்கும் சிக்கல். சிறிய பள்ளி, பிரவுசிங் சென்டர், பழுது பார்க்கும் கடை ஆகியவைதான் உங்களுக்கான வயல். விற்றவரின் அடையாள அட்டை நகல், சாதனத்தின் சீரியல் எண், தேதி மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். திருட்டுச் சரக்கு என்று போலீஸ் வந்தால் அந்தப் பதிவேடு மட்டுமே பேசும்.

ஜி.எஸ்.டி.?

பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெங்களூருக்கோ கேரளத்துக்கோ அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். மாநிலத்துக்குள் ஒரு லட்சத்துக்கும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணு வழிச்சீட்டு) போட வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி அதற்கான வரியைத் தானே கட்ட வேண்டும். அதனால் பதிவில்லாத கடைக்கு அவர் ரேட்டைக் குறைத்துப் பேசுவார். அதை முன்பே கணக்கில் எடுங்கள்.

விலை பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே நாளில் மூன்று பேருக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். இருபுறமும் எடுத்த படம், சாக்கின் எடை, தரத்தின் பெயர் மூன்றும் இருக்கட்டும். செம்பு, தங்கம் விலை ஏறி இறங்குவதால் நேற்றைய ரேட் இன்றைக்கு இல்லை. எடை எங்கே போடப்படும், பணம் லாரி ஏறும் முன்பா இறங்கிய பிறகா, தரத்தில் தகராறு வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஈரச் சரக்குக்கு எடையில் கழிப்பார்கள், மழைக்காலத்தில் தார்ப்பாய் போடுங்கள். ஒரு நாணய பேட்டரி உள்ளே தங்கினால் லாரியில் உரசித் தீப்பிடிக்கலாம். ஏற்றும் முன் கடைசியாக ஒரு பார்வை.

லேப்டாப் நிறைய வருகிறது. பேட்டரியை என்ன செய்வது?

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்கள் இப்போது கடைகளில் வந்து சேர்கின்றன. அவற்றின் பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பியதைக் குத்தாதீர்கள், நெம்பாதீர்கள், மற்றதோடு அடுக்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு வாளியில் தனியாக வையுங்கள். பேட்டரிக்கென 2022-இல் தனி விதிகள் வந்துவிட்டன, அதற்கெனப் பதிவு பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். பழைய எல்.சி.டி. திரையின் விளிம்பில் பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்கு இருக்கும், அதில் பாதரசம் உண்டு. திரையை உடைக்காமல் முழுசாக அனுப்புங்கள்.

இலவசக் கலர் டி.வி.யையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

2006-இல் தொடங்கிய திட்டத்தின் டி.வி.கள் கிராமங்களில் இன்னும் பரணில் கிடக்கின்றன. குழாய் டி.வி.யில் காசு என்பது பின்பக்கச் செம்புச் சுருள் ஒன்றுதான். குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் அதிகம். சுருளைப் பிடுங்கக் கழுத்தைத் தட்டினால் உள்ளே வெற்றிடமாக இருப்பதால் கண்ணாடி உள்நோக்கி வெடிக்கும், பூச்சு மாவு காற்றில் பறக்கும். நிறுத்திய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். குழாயை எடுத்துக்கொள்ளும் மறுசுழற்சியாளர் உறுதியாகச் சொன்னால் மட்டும் முழு டி.வி.யாக வாங்கி முழு டி.வி.யாகவே அனுப்புங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலை செய்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு?

ஈயம் புகையில் வருவதைவிடக் கையிலிருந்து வாய்க்குப் போவதுதான் பிரிக்கும் கடையில் அதிகம். டீ, வடை, வெற்றிலை, பீடி எதுவும் மேசையருகே வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. தரையை விளக்குமாற்றால் கூட்டினால் தூசி எழும், ஈரத்துணியால் துடையுங்கள். தகட்டு விளிம்பு கத்தி மாதிரி வெட்டும், வெட்டுத் தாங்கும் கையுறையும் மூடிய செருப்பும் போடுங்கள். வேலைச் சட்டையைக் கடையிலேயே கழற்றிவைத்து, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். குழந்தைகளின் உடம்பு ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும். பள்ளி விட்டு வரும் பிள்ளை அப்பாவுக்கு உதவியாக இரண்டு திருகு கழற்றுவதுகூட வேண்டாம். தொடர்ந்து இந்த வேலை செய்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.